பாலை மரத்து ஆணிகள்

மரத்துக்கு அடையாளம் வைக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. கத்தியால் இரண்டு கீறு போட்டால் முடிந்தது. ஆனால் வைத்தவருக்கு மட்டும் தெரிய வேண்டும், வழியில் போகிறவர் கண்ணில் படக்கூடாது, பல வருடம் கழித்து வந்தாலும் இருக்க வேண்டும் என்றால் அங்கேதான் சிக்கல். ஒரே மரத்தை மூன்று பேர் மூன்று விதமாக நினைவில் வைத்த கதை இது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வன்னியில் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்த காலம். தச்சு வேலை செய்கிற தயாபரன், அவன் மனைவி இராசமலர், அவளுடைய தம்பி குகனேசன் மூவரும் காட்டு வீதியில் ஒரு மதகடியில் தங்கியிருந்தார்கள். அங்கே, பிறந்து பத்தொன்பது நாளேயான பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. முப்பத்தோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்தார்கள். அதனால் அதற்குப் பெயர்கூட இல்லை.

தயாபரன் குழந்தையை ஏந்திக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். ஒரு பாலை மரத்தடியில் குகனேசன் குழி வெட்டினான். மண்வெட்டி பக்கத்துப் பாறையில் பட்டுத் தெறித்தது. மரத்தில் புதிதாகக் கீறல் கண்டால் யாரோ நகை புதைத்திருக்கிறார்கள் என்று தோண்டிப் பார்க்க ஆள் இருந்த நாட்கள் அவை. ஆகவே தயாபரன் தன் தொழிற்பையைத் திறந்து, நெஞ்சு உயரத்தில் இரண்டு ஆணிகளை அருகருகே அறைந்தான். பிறகு குறட்டால் இரண்டின் தலையையும் நறுக்கி எறிந்துவிட்டு, மேலே சேற்றைப் பூசினான். குழிக்குள் குனிந்திருந்த குகனேசனுக்கு அறைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நெஞ்சு மட்டத்தில ரெண்டு ஆணி. மறந்திடாதை” என்றான் தயாபரன்.

இராசமலர் எந்த அடையாளமும் வைக்கவில்லை. மதகில் இருந்து மரம் வரைக்கும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருந்தாள். எழுபது காலடி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே செல் குண்டு வெடித்துத் துண்டு பட்டுத் தயாபரனுக்கு இரண்டு கண்ணும் போயின. பதின்மூன்று வருடம் ஓடியது. வேறு பிள்ளை அவர்களுக்குப் பிறக்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “பிள்ளையின்ர மரத்தை ஒருக்காத் தடவிப் பாத்தால் போதும்.”

வான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த குகனேசன், முதலில் தான் தனியாகப் போய்த் தேடினான். மதகு இருந்தது. பாறை இருந்தது. பாலை மரத்தை மட்டும் யாரோ அறுத்து ஏற்றிப் போயிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் அடிக்கட்டைதான் மிச்சம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இதைப் போய் அத்தானிடம் எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்சத் தூரம் நடந்து வேறொரு பாலையைப் பிடித்தான். மறுமுறை வரும்போது, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துருவேற்றிய இரண்டு ஆணிகளைக் கொண்டுவந்தான். பதின்மூன்று வருடத்தில் மரம் வளர்ந்திருக்குமே என்று கணக்குப் போட்டு, ஒரு கல்லில் ஏறி நின்று, தலைக்கு மேலே அறைந்துவிட்டுப் போனான்.

பிறகு ஒரு காலையில் இருவரையும் கூட்டிவந்தான். மதகில் இருந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் வந்த இராசமலரின் உதடுகள் அசைந்தபடி இருந்தன. ஓரிடத்தில் அவை நின்றன. குகனேசன் நிற்கவில்லை.

மரத்தடிக்கு வந்ததும் தயாபரனின் கை நேரே நெஞ்சு உயரத்துக்குத்தான் போனது. பட்டையை மேலும் கீழும் தடவியது. குகனேசன் அந்தக் கையைப் பிடித்து உயரத் தூக்கினான்.

“அங்கையில்லை அத்தான். மரம் வளந்திட்டுதெல்லே, ஆணியும் மேல போயிட்டுது.”

தயாபரனின் விரல்கள் ஆணித் தலைகளில் பட்டன. ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தன.

“மலர், இஞ்ச வாரும்” என்றான் பிறகு. “இதுதான்.”

“ஓமப்பா” என்றாள் அவள். கற்பூரம் கொளுத்தினாள். போத்தலில் கொண்டுவந்த பாலில் பாதியை வேரடியில் ஊற்றினாள். இருவரும் அழுதார்கள்.

திரும்பும் வழியில் அந்த அடிக்கட்டை வந்தது.

“கால் உளையுது தம்பி. கொஞ்சம் இருந்திட்டு வாறன்.”

“அதில இருக்காதேங்கோ அக்கா, எறும்பு கிடக்கும்” என்று பதறினான் குகனேசன். அவள் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையைக் கட்டையின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். பத்தடி தள்ளித் தயாபரன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாக வெயிலில் நின்றான். அவள் எழுந்தபோது போத்தலில் பால் இல்லை.

வான் வீடு வந்து சேர்ந்தது. தம்பி பொய் அடையாளம் வைத்தான். கணவன் அதைத் தடவிப் பார்த்து இதுதான் என்றான். மனைவி ஓம் என்றாள். இதில் யார் செய்தது சரி?

விடை: மரம் நுனியில்தான் வளரும். நெஞ்சு உயரத்தில் அறைந்த ஆணி எத்தனை வருடமானாலும் அதே உயரத்தில்தான் இருக்கும். பட்டை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். இது தச்சனுக்குத் தெரியாதா? போதாததற்கு, அவன் அறைந்த ஆணிகளுக்குத் தலையே இல்லை. விரல் பட்டதுமே பொய் என்று தெரிந்துவிட்டது. அழுவதற்கு அவளுக்கு ஓரிடமாவது இருக்கட்டும் என்றுதான் “இதுதான்” என்றான். எழுபதாவது காலடி அந்த அடிக்கட்டையில் வந்து நின்றபோதே அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவன் மனசு ஆறட்டும் என்றுதான் “ஓமப்பா” என்றாள். ஆக, குகனேசனின் பொய் யாரையும் ஏமாற்றவில்லை. பாசத்தில் செய்தான், அவனை மன்னித்துவிடலாம். என் கோபம் இராசமலர் மேல். எழுந்து பத்தடி போய், அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தியிருக்கலாம். மரம் போனாலும் வேர் அங்கேதானே இருந்தது. பிள்ளையும் அங்கேதான் இருந்தது. தயாபரன் இன்றைக்கும் அந்த இடம் தெரியாமலே இருக்கிறான்.