ஏழு முழத்திலும் ஊதாத சங்கு

கரடியும் நீர்நாயும் மரங்கொத்தியும் சேர்ந்து ஆற்றங்கரைக் காட்டுக்காக ஒரு மென்பொருள் எழுதின. ஆற்றில் வெள்ளம் ஏறினால் அது சங்கு ஊத வேண்டும். கரையோர வளைகளில் முயல்கள் குட்டிகளோடு குடியிருந்தன. சங்கை நம்பித்தான் அவை தூங்கின.

நீர்மட்டத்தை அளக்கும் பகுதி நீர்நாயின் கோப்புறையில் இருந்தது. சங்கு ஊதும் பகுதி மரங்கொத்தியின் கோப்புறையில். எந்தக் கோப்பு மாறினால் எதை மறுபடி இயங்கும் நிரலாகக் கட்ட வேண்டும் என்று கணினிக்குச் சொல்வது மேக்ஃபைல். நீர்நாயும் மரங்கொத்தியும் அதைத் தனித்தனியே எழுதி வைத்திருந்தன. தன் மேக்ஃபைலில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது மரங்கொத்தியின் கண்டிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கரடியின் மேக்ஃபைலுக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு கோப்புறையாகப் போய், உன் வேலையை முடி என்று சொல்லிவிட்டு வரும்.

மழைக்காலம் தொடங்கியது. அதுவரை சாண் கணக்கில் அளந்துவந்த நீர்நாய் முழக் கணக்குக்கு மாறியது. தன் கோப்புறையில் இருந்த அபாய அளவையும் பன்னிரண்டு சாணிலிருந்து ஆறு முழமாகத் திருத்தியது. கரடி எல்லாவற்றையும் கட்டச் சொன்னது. பிழை எதுவும் வரவில்லை. மூன்றும் நிம்மதியாகச் சாப்பிடப் போயின.

சோதித்துப் பார்ப்பது கீரியின் பொறுப்பு. அது அளவுகோலை ஆற்றின் ஆழமான மடுவில் இறக்கியது. ஆறு முழம் தாண்டியது. ஏழும் தாண்டியது. சங்கு ஊதவில்லை.

கீரி ஓடிவந்து சொன்னதும் சண்டை மூண்டது. அளவைச் சரியாகத்தான் திருத்தினேன் என்றது நீர்நாய். என் கோப்புறையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றது மரங்கொத்தி.

"அதுதான் கோளாறே," என்றது கீரி. "எதுவும் மாறவில்லை என்று உன் மேக்ஃபைல் சங்கைப் புதிதாகக் கட்டாமல் விட்டுவிட்டது. ஆனால் சங்குக்கு வேண்டிய அபாய அளவு நீர்நாயிடம் அல்லவா இருக்கிறது? அது மாறியது உன் மேக்ஃபைலுக்குத் தெரியாது. அளவுகோல் ஏழு முழம் என்று சொன்னாலும், பழைய சங்கு இன்னும் பன்னிரண்டு என்ற எண் வரட்டும் என்று காத்திருக்கிறது."

மேற்கு மலையில் இடி உறுமியது. எல்லா மேக்ஃபைல்களையும் ஒன்றாக்கித் தானே வைத்துக்கொள்வதாகக் கரடி சொன்னது. கீரி ஒப்பவில்லை.

"அவரவர் மேக்ஃபைல் அவரவர் கோப்புறையிலேயே இருக்கட்டும். உன்னுடையது அவற்றைத் தனித்தனியே ஏவாமல், எல்லாவற்றையும் ஒருசேரப் படிக்கட்டும். எது எதை நம்பியிருக்கிறது என்று அப்போது ஒரே பார்வையில் தெரியும்."

கரடி தன் மேக்ஃபைலை மாற்றி எழுதியது. மரங்கொத்தி தன்னுடையதைத் திறந்து, நீர்நாயின் அளவை நம்பித்தான் சங்கு இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தது. கட்டச் சொன்னதும் கணினி மற்ற எதையும் தொடாமல் சங்கை மட்டும் புதிதாகக் கட்டி முடித்தது.

அன்று மாலையே வெள்ளம் வந்தது. தண்ணீர் ஆறு முழத்தைத் தொட்டதும் காடே அதிரும்படி சங்கு ஊதியது. முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடின. கடைசிக் குட்டியும் மேடேறிய பிறகுதான் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. முயல்கள் மரங்கொத்தியைச் சூழ்ந்து கூத்தாடின. அது நீர்நாயைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது.

வேலையை ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டாலும், தன் வேலை யாருடையதை நம்பியிருக்கிறது என்று மறைக்காமல் சொல்பவர்களே சேர்ந்து வெல்வார்கள்.