டீச்சர் பேசாமல் நின்ற நேரம்

"டீச்சர், என்னை நல்லா நாலு வார்த்தை திட்டுங்க" என்றான் தணிகாசலம்.

ஜெசிந்தா டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டுப்பலகையில் செய்த ஒரு வீட்டின் கோணல் ஜன்னலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார்?"

"முதல்ல திட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

"முதல்ல சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்."

நல்லவேளை, மதியச் சாப்பாட்டு நேரம். தொலைக்காட்சி நிலையத்தின் அந்தப் பெரிய கூடத்தில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் தணிகாசலம் வாயையே திறந்திருக்கமாட்டான்.

அந்தக் கோணல் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 'கிறுக்கல் வீடு' என்று பிள்ளைகளுக்காக வாரா வாரம் ஒரு நிகழ்ச்சி. அதை யோசித்தது, எழுதியது, அதற்கு வர்ணம் அடித்தது, கேமரா முன்னால் நின்றது எல்லாமே ஜெசிந்தா டீச்சர்தான். அதற்கு முன்னால் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர்.

தணிகாசலம் அங்கே எடிட்டர். டீச்சரைவிட வயதில் மூத்தவன். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள்.

நிகழ்ச்சியில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. டீச்சர் கரும்பலகையில் ஒரு கோடு போடுவார். கேமராவைப் பார்த்து, "இது என்னவா இருக்கும்?" என்று கேட்பார். அவ்வளவுதான். அப்புறம் பேச்சு கிடையாது. சாக்பீஸும் கையுமாகச் சும்மா நிற்பார்.

நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். கடைசியில் யாரோ பதில் சொல்லிக் காதில் விழுந்த மாதிரி முகம் மலர்ந்து, "அட, ஆமா!" என்பார்.

முதல் நாள் அவர் அப்படி நின்றபோது, பாவம், வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துக் கேமராக்காரர் கையையும் காலையும் ஆட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லி நிலையமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் தணிகாசலம்.

இப்போது அவன்தான் டீச்சர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நீங்க காமாலையில ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, அப்போ நீங்க முன்கூட்டியே நடிச்சுக் கொடுத்த டேப்பெல்லாம் என்கிட்டதான் இருந்தது. விளம்பரத்துக்கு இடம் வேணும், எதையாவது வெட்டுன்னு மேலேருந்து சொன்னாங்க."

"ம்."

"நீங்க பேசுறதை வெட்ட எனக்கு மனசு வரலை டீச்சர். பேசாம நிக்கிறதை வெட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடலை."

தூரிகை நிற்கவில்லை. ஜன்னலின் ஓரத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பெரிய அதிகாரி முதுகுல தட்டிக் கொடுத்தார். 'இப்பத்தான்யா ஓட்டமா இருக்கு'ன்னார். நானும் ஈன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க திரும்பி வந்த பிறகும் வெட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

"எனக்குத் தெரியும் சார். வார்டுல டி.வி. இருந்துச்சு."

தணிகாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"தெரியுமா? திரும்பி வந்து இவ்வளவு நாளாச்சே. ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா, நேரம் போதலைன்னு சொல்லியிருப்பீங்க."

உண்மைதான். அதைத்தான் சொல்லியிருப்பான். அதையும் கொஞ்சம் முறைப்போடு சொல்லியிருப்பான்.

"இன்னைக்கு என்ன திடீர்னு?" என்றார் டீச்சர்.

நிலையத்தில் யாரிடமும் தணிகாசலம் தன் வீட்டு விஷயம் பேசியதில்லை.

"எனக்கு லேட்டாப் பொறந்த பொண்ணு ஒருத்தி இருக்கா டீச்சர். மஞ்சுன்னு பேரு. அவளுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்துலயே மாட்டிக்கும். ஸ்கூல்ல வாயே திறக்கமாட்டா. யார் எது கேட்டாலும் தலையாட்டுறதோட சரி. வாரத்துல ஒரு நாள், உங்ககிட்ட மட்டும் பேசுவாளாம்."

"என்கிட்டயா?"

"டி.வி. முன்னாடி உக்காந்துக்குவாளாம். நீங்க கேட்டுட்டு நிப்பீங்கல்ல, அதுக்குள்ள திக்கித் திணறி எப்படியாவது சொல்லி முடிச்சிடுவாளாம். நீங்க 'அட, ஆமா!'ன்னதும் குதிப்பாளாம். வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் எங்கே அந்த நேரத்துல வீட்டுல இருந்தேன்?"

தூரிகை இப்போது நின்றிருந்தது.

"போன வாரம் லீவு. நான் வெட்டினது எவ்வளவு ஓட்டமா இருக்குன்னு ரசிக்கலாம்னு உக்காந்தேன் டீச்சர். நீங்க கோடு போட்டீங்க. இது என்னன்னு கேட்டீங்க. மஞ்சு வாயைத் திறந்தா. அதுக்குள்ள 'அட, ஆமா!'ன்னுட்டீங்க. புள்ள இன்னும் முதல் எழுத்துலயே நிக்குது. வாய் திறந்தது திறந்தபடி இருக்கு. அப்புறம் எழுந்து போய் டி.வி.யை அவளே நிறுத்திட்டா."

டீச்சர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தானாம். டீச்சருக்குத் தன் மேல கோவம்னு நினைச்சுக்கிட்டிருக்காளாம். இப்போ ஒருத்தர்கிட்டயும் பேசுறதில்ல. வெட்டினது நான்தாண்டி கண்ணுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை டீச்சர். பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சொல்லலை."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயது மனுஷன், வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இனிமே உங்க நிகழ்ச்சியில ஒரு இடம் வெட்டமாட்டேன். வேலை போனாலும் சரி. இதுக்கு வேற என்ன பரிகாரம்னு சொல்லுங்க, செய்றேன்."

டீச்சர் கேட்டார்: "அன்னைக்கு மஞ்சு என்ன சொல்ல வந்தா?"

"எப்போ?"

"வாயைத் திறந்தாளே, அப்போ."

"அது... தெரியாதே."

"கேட்டுட்டு வாங்க."

ஒரு பழைய சிலேட்டை எடுத்து, அன்றைக்குப் போட்ட அதே வளைந்த கோட்டைப் போட்டு அவன் கையில் கொடுத்தார். மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் தணிகாசலம் சிலேட்டோடு ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"யானையாம் டீச்சர்! தும்பிக்கைன்னு சொல்ல வந்தாளாம்!"

"அவ சொன்னாளா?"

"தலையாட்டினா."

"யானைன்னு யார் சொன்னது?"

தணிகாசலத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நான்தான்... புள்ள திணறுதேன்னு... பார்க்கச் சகிக்கலை டீச்சர். எப்பவும் அப்படித்தான். சோறான்னு கேப்பேன், தண்ணியான்னு கேப்பேன், பென்சிலான்னு கேப்பேன். ஏதோ ஒண்ணுக்குத் தலையாட்டிடுவா."

"பென்சில்தான் வேணும்னு தலையாட்டுவாளா?"

எத்தனை பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அத்தனையும் வீட்டில் சீவாமல் கிடந்தது. பிள்ளை எதற்கு வாயைத் திறந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"கேட்டுட்டு வாங்க" என்றார் டீச்சர்.

அடுத்த முறை அவன் ஓடி வரவில்லை. சுவரோரமாக நடந்து வந்தான்.

"நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கலை டீச்சர். சத்தியமா. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"அவளும் முயற்சி பண்ணினா. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிச்சு. திடீர்னு என்னைப் பார்த்தா. 'ஒ... ஒண்ணுமில்லப்பா'ன்னுட்டா."

"எங்கே பார்த்தா?"

"என்னைத்தான்."

"உங்களை எங்கே?"

தணிகாசலம் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கை நெஞ்சுக்கு வந்திருந்தது. விரல்கள் ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்தன. எப்போது பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது. மகள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் பிடித்திருந்தானோ என்னவோ.

"என்னைக் கூட்டிட்டுப் போக ஆபீஸ் வண்டி வந்துடும்னு எழுந்துட்டேன். நான் எழுந்ததும் அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதி டீச்சர். நான் போறது புள்ளைக்கு நிம்மதியா இருக்கு."

செத்துப்போகலாம் போலிருந்தது அவனுக்கு.

டீச்சர் வர்ணம் படிந்த கையை நீட்டினார்.

அவன் சிலேட்டை நீட்டினான். அது வேண்டாம் என்று டீச்சர் தலையை ஆட்டினார். கை நீட்டியபடியே இருந்தது.

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டாப்வாட்சைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான். சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோல் கூசியது.

சிலேட்டோடு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம்.

மஞ்சு கூடத்தில் நிறுத்திய டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவையும் சிலேட்டையும் பார்த்ததும் முகம் சுருங்கியது. மறுபடியுமா என்று நினைத்திருப்பாள்.

தணிகாசலம் அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மஞ்சு, டீச்சருக்கு உன் மேல கோவமே இல்லடா. நீ சொல்றதுக்காக அவங்க நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அந்த இடத்தை வெட்டிப் போட்டது நான்."

மஞ்சு அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் பார்வையைத் திருப்பவில்லை.

"அப்பா பண்ணது தப்பு" என்றான். சிலேட்டை நடுவில் வைத்தான். "இது என்னவா இருக்கும்?"

அவள் உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை.

தும்பிக்கை அவன் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினான். வானவில் வந்தது. பாம்பு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினான். இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எத்தனை வார்த்தையைப் பிடுங்கியிருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

சமையலறையிலிருந்து மனைவி குமுதா எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, பசிக்குதா?" என்றாள். பொறு என்று அவன் கையைக் காட்டினான். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவில் நிலையத்து வண்டி வந்து ஹாரன் அடித்தது. மஞ்சுவின் பார்வை வாசலுக்குப் போனது. அவன் அசையவில்லை. மறுபடியும் அடித்தது. அப்புறம் வண்டி போய்விட்டது.

மஞ்சு சிலேட்டை மறந்துவிட்டாள். அப்பாவின் வெறும் கழுத்தைப் பார்த்தாள், மடியில் கிடந்த கையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அ... அ..."

அவன் இருந்தான்.

"அ... அப்பா..."

இருந்தான்.

"நீ... நீ இ... இன்னும் போகலையா?"