ஊமைப் படத்துக் கிளி

படங்களுக்கு வாய் முளைக்காத காலத்தில், கேளுங்கள், மருதங்கரை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே யாருக்கும் ழகரம் வராது. வாழைப்பழம் அவர்களுக்கு வாளப்பளம். தாழைமுத்து, தாளமுத்து.

அந்தத் தாழைமுத்து ஒருநாள் மந்திரவாதியின் வளைந்த மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"கிளிமூக்கு என்றா சிரித்தாய்? நீயே கிளியாகு!"

அவ்வளவுதான். கறுப்புக் காகிதக் கிளியாகிக் கிடந்தான். மனைவி செண்பகவடிவு மந்திரவாதியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தக் காகிதம் பறப்பதாக ஊரே நம்பி, மூன்று முறை 'கிளி' என்று அழைக்கட்டும். உன் புருஷன் வருவான்," என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். "காகிதம் பறக்குமாக்கும்!"

வடிவு விடுவாளா? காடு வெட்டினாள், கடல் வெட்டினாள், மந்திரவாதியின் மூக்கையும் வெட்டினாள். எல்லாம் காகிதத்தில்தான். கிளியின் சிறகை மயிரிழை நகர்த்துவாள், "வலிக்குதா மாமா?" என்பாள், ஒரு படம் பிடிப்பாள். மறுபடி நகர்த்துவாள், மறுபடி கேட்பாள், மறுபடி பிடிப்பாள். படச்சுருள் வளர்ந்தது.

ஊமைப் படமாயிற்றே! திரையருகே நின்று கதை சொல்லத் தண்டோராக்காரர் தாண்டவம் வந்தார்.

"உன் படத்துக்கு என் நாக்கால கேவலம் வரக் கூடாது தங்கச்சி," என்று மாதக்கணக்கில் ழகரம் பழகியிருந்தார். பழகிய நாக்கு நிற்குமா? தவளையைக்கூடத் தவழை என்றார்.

பொழுது சாய்ந்தது. திரையில் கிளி சிறகை விரித்தது. ஊர் வாய் பிளந்தது. தாண்டவம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கிழி! கிழி! கிழி!"

மந்திரத்துக்கு மனசு தெரியாது, சொல்தான் தெரியும். திரை கிழிந்தது. சுருள் கிழிந்தது. துண்டுகள் காற்றோடு போய் ஆற்றில் விழுந்தன.

"ஐயோ, நானே கெடுத்தேனே!" என்று தாண்டவம் தலையில் அடித்துக்கொண்டார்.

விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எதிரே வெறும் சுவர். வடிவு காகிதக் கிளியை எடுத்து விளக்கின் முன் பிடித்தாள். சுவரில் கிளியின் நிழல் விழுந்தது.

"காடு எங்கடி?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். விரல்கள் எழுந்தன: காடு. "கடல்?" முந்தானைகள் அசைந்தன: கடல். "அந்த மூக்கு?" தாண்டவம் முழங்கையை மடக்கி நீட்டினார். ஒரே சிரிப்பு! பார்த்த படம் ஒருவருக்கும் மறக்கவில்லை. சுவரில் கிளி பறந்தது.

"அண்ணே, நம்ம வாயால கூப்பிடுங்க," என்றாள் வடிவு.

தாண்டவம் வாய் திறந்தார். ஊரும் சேர்ந்துகொண்டது.

"கிளி! கிளி! கிளி!"

காகிதம் கனத்தது. தாழைமுத்து பொத்தென்று அவள் மடியில் விழுந்தான்.

"வலிக்குதா மாமா?"

"பசிக்குது. ஒரு வாளப்பளம் குடு."

படம் போனது போனதுதான். ஆனால் படங்கள் பேசப் பழகி, பாடப் பழகிய பிறகும், மருதங்கரைக் கொட்டகையில் முதலில் ஒரு கைநிழல் கிளிதான் பறக்கும். ஊரே கூப்பிடும், தன் சொந்த வாயால். அவர்கள் கூப்பிட்டபடி இருக்கட்டும், கேட்ட நமக்கும் சிறகு முளைக்கட்டும்.