பதினேழு தடவை

ஆற்றங்கரை மடத்தில் குரு சிவகாமி அம்மையாருக்கு வயது நாற்பத்தாறு. சீடர் பிச்சாண்டிக்கு எழுபத்தொன்று. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் பூங்கொடி பக்கத்துத் தெருவில் இருந்தாள்.

பிச்சாண்டியிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து வெறும் கஞ்சிதான் குடிப்பார். ரத்தம் கொடுத்த கையோடு நெய்ச் சோறும் வடையும் வயிற்றுக்குள் போய்விடும். இந்த முறை மருத்துவ முகாம் சொல்லாமல் கொள்ளாமல் மடத்துக்கே வந்து இறங்கியது. மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார்.

பரிசோதனைச் சீட்டோடு அம்மையாரிடம் வந்தார்.

"கொலஸ்ட்ரால் ஏறியிருக்காம் தாயே. கூடவே இன்சுலினும் ஏறியிருக்காம். சர்க்கரையை இறக்குறதுதானே இன்சுலின்? அது நிறைய இருந்தா நல்லதுதானே? டாக்டர் ஏன் உதட்டைப் பிதுக்குறாரு?"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நேத்து பூங்கொடிக்கு எத்தனை தடவை போன் பண்ணீங்க ஐயா?"

பிச்சாண்டிக்கு முகம் வாடிவிட்டது.

"பதினேழு."

"போன மாசம்?"

"ஒரு நாளைக்கு அஞ்சாறு இருக்கும்."

"எடுத்தாளா?"

"இல்ல தாயே. 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் எனக்கு."

இரண்டு மாதமாக அந்த ஒரு குரலுக்காக ஏங்கிக் கிடக்கிறார். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

"அஞ்சு பதினேழா ஏறியிருக்கு. நல்லதுதானே?"

"அவ எடுக்காததுனாலதானே தாயே பதினேழு..."

பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த சீட்டை மறுபடி பார்த்தார். "அப்போ இன்சுலின் கூப்பிட்டும் உடம்பு எடுக்காததுனாலதான் அதுவும் ஏறிக்கிட்டே போகுதா தாயே?"

"பூங்கொடி ஏன் எடுக்கல?" என்றார் அம்மையார்.

பிச்சாண்டி சீட்டை மடித்தார்.

"நெய் இல்லாம சோறு போட்டா. 'இந்த வயசுல நெய் வேண்டாம்னு டாக்டர் சொன்னாருப்பா'ன்னா. 'உங்கம்மா இருந்தா இப்படிப் போடுவாளா'ன்னு கேட்டுத் தட்டைத் தள்ளிட்டேன்."

"அப்புறம்?"

"அழுதா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்."

அம்மையார் ஆய்ந்த கீரையைச் சட்டியில் போட்டார்.

"இன்னும் எத்தனை தடவை கூப்பிடணும் தாயே?"

அம்மையார் கை நீட்டினார். பிச்சாண்டி தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தார். அதை ஆஃப் செய்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார் அம்மையார்.

"சாப்பாட்டு நேரமாச்சு. அவ வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. 'அன்னைக்கு வச்ச அதே சோத்தைப் போடும்மா'ன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க."