லாரிக்குக் குத்திய மீன்

ஜெனிட்டா மாஸ்டரிடம் ஒரு பல் டாக்டர் சீடராகச் சேர்ந்தார். டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. மாஸ்டருக்கு இருபத்தொன்பது. மாஸ்டர் என்று கூப்பிடச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. அவர் செய்த வண்டியைப் பார்த்தவர்கள் அவர்களாகவே கூப்பிட்டார்கள்.

கோயம்புத்தூரில் கணபதிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். காயலான் கடைக்குப் போக வேண்டிய பழைய கார் அதற்குள் போகும். கூரையை வெட்டி, உடம்பைத் தாழ்த்தி, வேறு இன்ஜின் வைத்து மாஸ்டர் வெளியே எடுக்கும்போது தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும்.

மாஸ்டரிடம் ஒரு எஃகு உளி இருந்தது. அதன் முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மீன். தனக்குப் பிடித்த வண்டியில், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், அதை வைத்து ஒரே அடி. மீன் பதிந்துவிடும். வேலை சுத்தமாக முடிந்த வண்டிக்குத்தான் மீன் என்று எல்லோரும் சொன்னார்கள். மாஸ்டர் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அவரிடம் ஏழு பேர் தொழில் கற்றார்கள். ஆறு பேர் வண்டியில் மீன் இருந்தது. டாக்டர் வண்டியில் இல்லை.

டாக்டரின் வண்டி லேண்ட்மாஸ்டர் என்ற பழைய கார். மூன்று வருஷம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும், அவரே கையால் செய்தது. கூரை நான்கு விரல் தாழ்ந்திருக்கும். முன்கண்ணாடியை அதற்கேற்ற மாதிரி வெட்டும்போது இரண்டு உடைந்தன, மூன்றாவது நின்றது. இன்ஜினுக்கு மூடி கிடையாது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சைலன்சர் குழாய்கள். ஓரத்தில் வெள்ளை வளையம் போட்ட டயர். நாவல்பழ நிறம். நிற்கும்போதே ஓடுவதுபோல இருக்கும். இதை நேரில் பார்க்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் பத்தாது.

ஒரு சனிக்கிழமை டாக்டர் கேட்டார்.

"மாஸ்டர், என் வண்டி எப்பதான் முடியும்?"

"நாளைக்கு மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு வாங்க. பாக்கலாம்."

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, மலை ஏறும் முன்னால், ஒரு பாக்குத்தோப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மாஸ்டரின் ஆட்கள் அங்கே வண்டிகளோடு கூடுவார்கள். இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிப்பார்கள். ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் குனிந்து பார்ப்பார். வேறு நிகழ்ச்சி எதுவும் கிடையாது. வேண்டியதும் இல்லை.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். லாரியில். லாரிக்கு மேலே லேண்ட்மாஸ்டர், சுற்றிலும் கம்பளி கட்டி. டிரைவர் தவசியப்பன் சாய்வுப் பலகை போட்டு அங்குலம் அங்குலமாக இறக்கினார். கம்பளியை உருவினார்கள்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

சுபைதா கிட்டே வந்து பார்த்தாள். அவள் மாஸ்டரின் முதல் சீடர். குன்னூரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவள். முன்சக்கரத்துக்கு மேல் மூடி இல்லாத பழைய ஜீப்பில் அண்டாவை ஏற்றிக்கொண்டு மலையில் சுற்றுகிறவள்.

"டாக்டரே, இதைத் தொடலாமா? இல்ல கையுறை போட்டுட்டு வரணுமா?"

"தொடாம பாருங்க சுபைதா. இன்னிக்கு மட்டும்."

"எப்பவும் அப்படித்தானே சொல்றீங்க."

மாஸ்டர் டீயை வைத்துவிட்டு வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். கதவின் ஓரத்தைத் தடவினார். கூரை வெட்டிச் சேர்த்த இடத்தில் கை நின்றது.

"எங்க சேத்தீங்கன்னே தெரியல. நான்கூட இவ்வளவு நல்லா பண்ண மாட்டேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுபதுல எப்படிப் போகுது?" என்றார் மாஸ்டர்.

"இன்னும் பாக்கல மாஸ்டர்."

"பிரேக் எந்தப் பக்கம் இழுக்குது?"

"தெரியல. தெருமுனை வரைக்கும்தான் ஓட்டியிருக்கேன். ரோட்டுல கல்லு தெறிக்கும். பெயிண்ட் போயிடும்."

மாஸ்டர் தலையாட்டினார். பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

டாக்டர் கைக்குட்டையால் இன்ஜின் பின்னால் இருக்கும் தகட்டைத் துடைத்தார். எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மாஸ்டர் லேண்ட்மாஸ்டரைத் தாண்டிப் போனார். லாரிக் கதவைத் திறந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே உளியை வைத்து ஒரே அடி அடித்தார்.

தவசியப்பன் ஓடி வந்தார்.

"அக்கா, என்னக்கா இது. இது ஓனர் வண்டிங்க. கேட்டா நான் என்னன்னுங்க சொல்றது?"

"மீன்னு சொல்லுங்க."

சுபைதா சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"மாஸ்டர், அது லாரி."

"ஆமா. நாப்பது கிலோமீட்டர் ஓடி வந்தது அதுதானே."

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. சுபைதாவின் ஜீப்பைக் கையால் காட்டினார்.

"இதுல மீன் இருக்கு. பாருங்க, பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு. ஆயில் சொட்டுது. சைலன்சரைக் கயித்தால கட்டியிருக்காங்க. இது முடிஞ்ச வண்டியா? மூணு வருஷம் மாஸ்டர். ஒரு கீறல் காட்டுங்க."

மாஸ்டர் ஜீப்பைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"நல்ல முடிச்சு, சுபைதா" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார்.

டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு தவசியப்பனிடம், "நீங்க போங்க" என்றார்.

"வண்டிங்க சார்?"

"நான் எடுத்துட்டு வர்றேன்."

டேங்கில் பெட்ரோலே இல்லை. லாரியில் ஏற்றி இறக்கும் அளவுக்குத்தான் ஊற்றியிருந்தார். சுபைதா ஒரு கேன் கொடுத்தாள். லேண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்துக்கு மரத்தில் இருந்த காக்கா எல்லாம் எழுந்து பறந்தது. தோப்பு வாசலில் இருந்த வேகத்தடையில் வண்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறி இறங்கியது. நின்றிருந்த எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. ஒன்பது மணிக்கு டாக்டர் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றார்கள். வண்டியை விற்றுவிட்டார் என்று ஒருத்தர் சத்தியம் செய்தார்.

பதினொன்றரைக்குத் தூரத்தில் நான்கு குழாய்ச் சத்தம் கேட்டது. வேகத்தடைக்கு முன்னால் வண்டி நின்றது. பிறகு குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, தேய்க்காமல் ஏறி இறங்கி உள்ளே வந்தது.

முன்னால் பூச்சி ஒட்டியிருந்தது. வெள்ளை வளையம் செம்மண் நிறத்தில் இருந்தது. மூக்கில் அரிசி அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. போன மாதத்தைவிட அழகாக இருந்தது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

டாக்டர் இறங்கியதும் பேச ஆரம்பித்துவிட்டார். விரல் பத்திலும் கிரீஸ்.

"மாஸ்டர், நாலு ஞாயிறு ஓட்டிட்டேன். பிரேக் இடது பக்கம் இழுக்குது. காரமடைகிட்ட சூடாகி நின்னுடுச்சு, ஒரு இளநீர்க் கடைக்காரர்தான் தண்ணி ஊத்தினார். அவருக்கு இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். அப்புறம், எழுபதைத் தாண்டினா முன்கண்ணாடி விசில் அடிக்குது. என் கிளினிக்ல பல்லு துளைக்கிற மிஷின் மாதிரியே. பேஷண்ட் கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க."

"மூணாவது கியர்ல?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"உறுமுது மாஸ்டர். அதைக் கேக்கறதுக்காகவே ரெண்டு தடவை அன்னூர் போயிட்டு வந்தேன். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல."

மாஸ்டர் பையிலிருந்து உளியை எடுத்தார். சுத்தியலை எடுத்தார். லேண்ட்மாஸ்டரின் இன்ஜினுக்குப் பின்னால் குனிந்தார்.

டாக்டர் பதறிப்போய்க் கையைக் குறுக்கே வைத்தார்.

"இப்ப வேண்டாம் மாஸ்டர். பிரேக் பாக்கணும், விசில் பாக்கணும். கயிறு கட்டற அளவுக்கு ஒரு குழாய் வேற ஆடுது. இது முடியறதுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ."

மாஸ்டர் அந்தக் கையை மெல்ல நகர்த்தினார். உளியைத் தகட்டில் வைத்தார்.

"முடிஞ்ச வண்டிக்கு நான் எப்ப டாக்டர் மீன் குத்தினேன்?"