கண்ணாடி மறைத்த அம்மன்

முன்னொரு காலத்தில், மலைகள்கூட முழுசாக இறுகாத காலத்தில், கருங்குன்ற நாடு என்று ஒரு நாடு இருந்தது. பிள்ளைகளே கேளுங்கள். பெரியவர்களே, நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

அங்கே கல்லுடைக்கும் தெருவில் சடைச்சி என்றொரு பெண் இருந்தாள். அம்மனுக்கு மலையில் கல் பிளந்தது அவள் தெரு. கயிறு கட்டி இழுத்து வந்தது அவள் தெரு. ஏழு வருஷம் செதுக்கி, திரைக்குப் பின்னால் பொன்னூசி பிடித்து அம்மனுக்குக் கண் திறந்தவன் அவள் அப்பன் ஒச்சப்பன்.

கண் திறந்த அம்மன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு முறை உண்டு. முதலில் கண்ணாடி. அப்புறம் கன்றோடு பசு. அப்புறம் நெற்குவியல். பிறகு திரையை விலக்குவார்கள், சனங்களைப் பார்ப்பாள்.

கோயிலைக் கைக்குள் வைத்திருந்த மந்திரவாதி வக்கிரதந்தன் கண்ணாடியைக் காட்டினான். காட்டியவன் எடுக்கவே இல்லை.

"உன் வேலை முடிஞ்சுது. வெளியே போ," என்றான் ஒச்சப்பனிடம்.

"ஆத்தா என் மூஞ்சிய ஒரு தடவ பாக்கட்டும் சாமி. போயிடுறேன்."

"தள்ளி நில்!"

ஒச்சப்பன் நின்றான். நின்ற கால் கல்லானது, இடுப்பு கல்லானது, கும்பிட்ட கையும் கல்லானது. அவனைத் தேடிப் போன தெருக்காரர் முப்பத்தாறு பேரும் அந்த ஒரு சொல்லுக்கு நின்றார்கள். அவர்களும் கல்லானார்கள்.

அப்பனை மீட்டுத் தரச் சொல்லிச் சடைச்சி அரசனிடம் ஓடினாள்.

"கல்லுடைக்கிற கை தீட்டு அம்மா," என்றான் அரசன்.

"அந்தக் கை செஞ்ச சிலை மட்டும் தீட்டு இல்லியா ராசா?"

அரசன் தாடியைத் தடவினான். "வக்கிரதந்தரைக் கேட்டுச் சொல்கிறேன். அவர் நல்லவர். வெள்ளிக்கிழமை உன் அப்பனைக் கருவறைக்குப் படிக்கல்லாகப் பதிக்கப் போகிறார். வருகிறவர்கள் மிதித்துப் போவார்கள். உங்களுக்குப் புண்ணியம்தானே?"

சடைச்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோயில் மதிலில் ஓங்கிக் குத்தினாள். "பெத்த அப்பன் மாதிரி உன்னச் செஞ்சவன் கல்லா நிக்கிறான். உனக்குக் கண்ணு இல்லியா? நீ வெறும் கல்லுதான்!"

மதிலிலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.

"கத்தாத புள்ள. நான் உள்ள போயிட்டு வரவ, எனக்குத் தெரியும். கண்ணு இருக்கு, கண்ணாடி மறைக்குது. தன்னையே பாத்துட்டு இருக்கா. வெளிய சனம் வந்து நிக்குதுன்னே அவளுக்குத் தெரியாது."

"அப்ப எதுக்குச் சிலை? எதுக்குக் கும்பிடு?"

"நீங்க பாக்குறதுக்கு உங்ககிட்டயே கண்ணு இருக்கே. அவ உங்களப் பாக்கணும்னுதான் உங்கப்பன் கல்லுக்குக் கண்ணு தொறந்தான். காத்தா, வெளிச்சமா எங்கேயும் இருக்கிறவ, உங்க மூஞ்சிய ஒண்ணொண்ணா பாக்கத்தான் ஒரு கல்லுக்குள்ள வந்து உக்காந்தா."

"அந்தப் பாவி மந்திரம்?"

"பெரிய மந்திரம்! அது அவன் வாயில இல்ல, உங்க காலுல இருக்கு. நின்னாத்தான் கல்லு."

சடைச்சி யோசித்தாள். நில் என்றால் நின்றே பழகிய கால். தாத்தன் நின்றான், அப்பன் நின்றான். ஆனால் அந்தக் கால் நிற்காத இடம் ஒன்று உண்டு. மலைச்சரிவில் கல் ஏற்றும்போது யார் கத்தினாலும் கயிறு பிடித்தவள் நிற்கக் கூடாது. ஒருத்தி நின்றால் கல் பின்னால் உருண்டு அத்தனை பேரையும் நசுக்கிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை சடைச்சி இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டாள். சம்மட்டியை இடுப்பில் செருகினாள்.

"வெறுங்கயித்த இழுத்துட்டு எங்கடி போற?" என்று சிரித்தான் காவல்காரன்.

"கல்லு ஏத்த!"

கோபுர வாசலில் வக்கிரதந்தன் கத்தினான்: "தள்ளி நில்!"

"இழு தாயே, இழு!" என்று பாடினாள் சடைச்சி. கால் விரல் கல்லானது. நடந்தாள்.

கொடிமரத்தடியில் கத்தினான்: "தள்ளி நில்!"

"இழு தாயே, இழு!" பாதம் கல்லானது. இழுத்து இழுத்து நடந்தாள்.

கருவறை வாசலில், கல்லாய் நின்ற அப்பன் பக்கத்தில், தொண்டை கிழியக் கத்தினான்: "தள்ளி நில்!"

"நின்னது போதும்டா!" என்றாள். முழங்கால்வரை கல்லான காலைப் படிக்கு மேலே தூக்கி வைத்தாள். திரையை இழுத்து எறிந்தாள். சம்மட்டி ஒரே போடு. கண்ணாடி நொறுங்கியது.

அம்மன் முதன்முதலாக இன்னொரு முகத்தைப் பார்த்தாள். வேர்வையும் கோபமுமாய் இருந்த முகம்.

"இத்தனை நாளா ஏன் ஒருத்தரும் வரல?" என்று கேட்டாள் அம்மன்.

"வந்தோம் ஆத்தா! வாசலைப் பாரு!"

அம்மன் பார்த்தாள். சடைச்சியின் கால் இளகியது. ஒச்சப்பனைப் பார்த்தாள், கும்பிட்ட கை இளகியது. ஒவ்வொரு முகமாகப் பார்க்கப் பார்க்க முப்பத்தாறு பேரும் மூச்சு விட்டார்கள்.

வக்கிரதந்தன் ஓட்டம் பிடித்தான்.

"தள்ளி நில்!" என்றன அத்தனை குரல்களும்.

பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. திகைத்து நின்றான். கல்லானான்.

அரசன் பதறி ஓடி வந்தான். "என்ன பரிசு வேண்டும், கேள் மகளே!"

"கோயில் கதவு."

கதவைக் கழற்றிப் பிளந்தார்கள். அந்த விறகில்தான் ஊர் மொத்தத்துக்கும் அன்றைக்குப் பொங்கல் வெந்தது.

வக்கிரதந்தன் கல் இன்னும் வாசலில் கிடக்கிறது. நல்ல கருங்கல். இதையும் சிலையாக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். ஒச்சப்பன் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது யாரையும் பாக்காது. கண்ணு வச்சு என்ன பண்ண?"

கதை அவ்வளவுதான். உங்களை எவனாவது தள்ளி நில் என்றால், காலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.