பொந்துக்குள் பதினான்கு தலைகள்

கோரைக் குளத்தில் முப்பது நண்டுகள் இருந்தன. பக்கத்து நொச்சிப் பாறையில் ஆறே ஆறு நரிகள். ஆனால் பாருங்கள், அந்த ஆறும் சேர்ந்து முப்பதையும் ஆட்டிப் படைக்கப் பார்த்தன!

அந்தக் காட்டில் இருபது தலைக்கு ஒரு தொகுதி. தொகுதிக்கு ஓர் உறுப்பினர். சபையில் உறுப்பினர் பேச்சுதான் எடுபடும். தலை எண்ணுகிற வேலை மரங்கொத்திக்கு. தலைக்கு ஒரு கொத்து என்று வேங்கை மரத்தில் கொத்திவிடும். அதன் பிடிவாதம் ஊரறிந்தது.

எண்ணும் நாளுக்கு முன்னால் மூத்த நரி பதினான்கு நண்டுகளைப் பிடித்துப் பொந்தில் போட்டு, கல்லால் அடைத்தது. மழைக்காலத்துக்குச் சாப்பாடாம்!

மரங்கொத்தி வந்தது. பொந்துக்குள் கரகரவென்று சத்தம்.

"உள்ளே யாரப்பா?"

"குளத்து நண்டுங்க! எங்களைப் புடிச்சு அடைச்சு வச்சிருக்காங்க!"

நரி பல்லைக் காட்டியது. "அண்ணே, இன்னைக்கு எவன் எங்கே இருக்கானோ அங்கேதானே கணக்கு?"

"ஆமா, சட்டம் அதுதான்."

"அப்போ இவங்க பாறைக்காரங்க!"

டொக், டொக், டொக்! ஆறும் பதினான்கும் இருபது. பாறை தனித் தொகுதி ஆனது. குளத்தில் மிச்சம் பதினாறு. தொகுதி போச்சு!

"சபையில முதல் வேலையா குளத்துக் கரையை உடைக்கச் சொல்றேன்! தண்ணி வடிஞ்சா நண்டை அள்ளி அள்ளித் தின்னலாம்!" என்று நரி குதித்தது.

எண்ணி முடிந்தபின் பிள்ளைகளைத் தேடிக் குளத்திலிருந்து வந்து, பாறை இடுக்கில் ஒளிந்திருந்த செங்காலி நண்டின் காதில் இது விழுந்தது. அவள் பெற்ற மூன்றும் அந்தப் பொந்தில்தான் கிடந்தன. ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. நேரே மரங்கொத்தியிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். உறுப்பினரை யாரு தேர்ந்தெடுக்கணும்?"

"தொகுதிக்காரங்கதான். தலைக்கு ஒரு கை."

"பாறையில எத்தனை கை?"

மரங்கொத்தி தலையைச் சாய்த்து யோசித்தது. "அட, இருபது!"

உடனே பாறைக்குப் பறந்தது. "பொந்தைத் திற! தேர்தல்!"

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அவங்க கைதிங்க! அவங்களுக்கு ஏது ஓட்டு?"

"எண்ணும்போது உன் ஆளு, கை தூக்கும்போது கைதியா? நல்லா இருக்கே நியாயம்! அவங்க வேணாம்னா தொகுதியும் வேணாம்."

பதவியை விட நரிக்கு மனசு வரவில்லை. கல்லைப் புரட்டியது. "எனக்குக் கை தூக்காதவன் இன்னைக்கே என் வயித்துல!" என்று உறுமியது.

"நீ தின்னு ஒரு தலை குறைஞ்சாலும் தொகுதி போயிடும், தெரியுமில்ல?" என்றது மரங்கொத்தி. உடனே தேர்தலைத் தொடங்கியது.

மூத்த நரிக்கு ஆறு கால்கள் உயர்ந்தன.

"வேற யாராவது நிக்கிறீங்களா?"

பொந்திலிருந்து ஒற்றைக் கொடுக்கு நண்டு ஒன்று வெளியே வந்தது. "நான் நிக்கிறேன்!"

அதற்குப் பதினான்கு கொடுக்குகள் உயர்ந்தன. நரி முறைத்தும் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

"பாறைக்கு உறுப்பினர் நண்டார்!" என்று கத்தியது மரங்கொத்தி.

புது உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "பாறைக்காரங்க எங்கே வேணும்னாலும் போகலாம், வரலாம். யாரையும் அடைக்கக் கூடாது. குளத்துக் கரைமேல எவனும் கை வைக்கக் கூடாது!"

செங்காலி தன் மூன்றையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். தொகுதியைக் கொண்டுவந்த நரி, தன் தொகுதியிலேயே தோற்று நின்றது.

எண்ணிக்கைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அவர் சொல்லுக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.